சாயம் ஒட்டிய இடம்

உடைந்த பொருளைக் கடைக்குக் கொண்டுபோவது கையாலாகாதவன் செய்கிற வேலை என்பது பசை சாரின் கட்சி. குடியிருப்பில் அவருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யாரும் விசாரிக்க வேண்டியதில்லை, அவர் விரல்களைப் பார்த்தாலே போதும். எதிலாவது ஒன்றில் பசை காய்ந்து தோல் உரிந்துகொண்டே இருக்கும். வேலை பார்ப்பதென்னவோ லிஃப்ட் கம்பெனியில், பராமரிப்பு ஃபோர்மேனாக. அங்கே அவர் புலி. ஒரு போல்ட் லேசாகத் தேய்ந்திருந்தாலும் புதுசு போடாமல் லிஃப்டை ஓட விடமாட்டார். ஒட்டுவேலை பார்த்தவனை எல்லார் முன்னாலும் காய்ச்சி எடுத்துவிடுவார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியதும் அந்தப் புலி எங்கே போகுமோ தெரியாது. பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிற அரம், குறடு, கம்பித் துண்டுகளை மேஜையில் கொட்டிக்கொண்டு வேறொரு ஆள் உட்கார்ந்திருப்பார்.

அவர் மனைவியைப் பேருந்து நிலையத்தில் எல்லாரும் மைக்கக்கா என்பார்கள். எந்த வண்டி எந்த நடைமேடையில் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. அவள் குரலைக் கேட்டு ஓடிவந்து வண்டி பிடித்தவர்கள் ஊரில் பாதிப்பேர் இருப்பார்கள். சிரித்தால் அழகில்லை, நடந்தால் அழகில்லை என்று கல்யாணத்துக்கு முன்னால் அத்தை ஒருத்தி வாய்க்கு வந்தபடி சொன்னதுண்டு. குரலை மட்டும் யாரும் குறை சொன்னதில்லை. மைக் முன்னால் உட்கார்ந்து பொத்தானை அழுத்திவிட்டால் மைக்கக்காவுக்கு முதுகு தானாக நிமிரும். தனக்கென்று சொல்லிக்கொள்ள இருந்த ஒரே சொத்து அது என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

பசை சாரின் கைவேலையால் வீட்டில் அவஸ்தைப்பட்டதெல்லாம் அவள்தான். செருப்பு வார் பிய்ந்தது. அவர் அடியிலிருந்து ஆணி அடித்துக் கொடுத்தார். ஆணியின் முனை குதிகாலைத் தேடிக் கண்டுபிடித்தது. குடையின் கம்பியை அவர் நிமிர்த்தியபிறகு குடை விரிய மட்டும் விரிந்தது, மடங்க மறுத்துவிட்டது. பேருந்தில் அதை விரித்தபடியே ஏற்றிக்கொண்டு எத்தனை பேரிடம் திட்டு வாங்கியிருப்பாள்! கைக்கடிகாரத்தின் கண்ணாடியை ஒட்டினார். பசை உள்ளே இறங்கி முள்ளையும் சேர்த்து ஒட்டிவிட்டது. "இப்ப கண்ணாடி அசையுதா பாரு" என்று அவர் பெருமையாகக் காட்டியபோது எதுவுமே அசையவில்லை.

"நல்லாயிருக்குங்க," என்றாள் மைக்கக்கா.

எப்போதும் அதையேதான் சொல்வாள். சொல்லாவிட்டால் அந்த மனிதருக்கு முகம் விழுந்துவிடும், ராத்திரிச் சாப்பாடு இறங்காது. சொன்னால் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவார். பிறகு அவள் நைசாகக் கடைத்தெருவுக்குப் போய் அதே மாதிரிக் கடிகாரம் ஒன்றை வாங்கிக் கட்டிக்கொள்வாள். அவருக்கு வித்தியாசம் தெரியாது. "ஒட்டினேன் பார், எப்படி ஓடுது!" என்பார். இப்படியே ஒரு குடும்பம் ஓடுமா என்றால், ஓடியது. நன்றாகவே ஓடியது.

அந்தப் பல் செட் விஷயத்துக்கு வருவோம்.

மைக்கக்காவுக்குக் கீழ்வரிசையில் இடது பக்கம் சில பல்லைப் பிடுங்கி, கழற்றி மாட்டுகிற செட் போட்டு வருஷக்கணக்காகிவிட்டது. ஒரு வாரமாக அது ஈறில் உறுத்துகிறது என்று ஒரு நாள் சாப்பிடும்போது வாய்தவறிச் சொல்லிவிட்டாள். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள், ஆனால் பசை சாரின் காது ஏற்கெனவே நிமிர்ந்துவிட்டது.

"கழட்டு, பாப்போம்."

"வேணாங்க. டாக்டர்கிட்ட ஒரு நடை காட்டிட்டு வந்துடறேன்."

"டாக்டர் என்ன பண்ணுவான்? அரத்தை வச்சு நாலு இழுப்பு இழுப்பான். அதுக்கு நான் இருக்கேன்ல? கழட்டுன்னா கழட்டு."

அவர் வழி எப்படியென்றால், இரண்டு இரும்புப் பரப்பு ஒன்றோடொன்று சரியாகப் படிகிறதா என்று பார்க்க ஒன்றில் மெல்லிசாக நீலச்சாயம் தடவி மற்றதை அழுத்துவார்கள். எங்கே மேடாக இருக்கிறதோ அங்கே சாயம் ஒட்டும். அந்த இடத்தை மட்டும் சுரண்டுவார்கள். மறுபடி தடவி, மறுபடி அழுத்திப் பார்ப்பார்கள். லிஃப்ட் கம்பெனியில் அவர் கற்ற வித்தை அது. நீலச்சாயத்தை வாயில் வைக்க முடியாதே! அதனால் மகள் விட்டுப்போன உதட்டுச் சாயம் ஒன்றைத் தேடி எடுத்தார். அவள் ஈறைப் பஞ்சால் ஒற்றி, சாயத்தைத் தடவி, செட்டை மாட்டிக் கடிக்கச் சொன்னார். கழற்றிப் பார்த்தால் செட்டின் உட்பக்கம் ஓரிடத்தில் மட்டும் சிவப்பாகத் திட்டு.

"பாத்தியா! இங்கதான் அழுத்துது," என்று துள்ளினார். அந்த வயதில் அவர் துள்ளியதைப் பார்க்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயெல்லாம் உதட்டுச் சாயத்தோடு அவள் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார்.

அரத்தால் தேய்த்து, அரத்தில் இருந்த மண்ணெண்ணெய் வாடை போகக் கழுவிக் கொடுத்தார். உண்மையைச் சொன்னால் முதல் தடவை கொஞ்சம் சுகமாகத்தான் இருந்தது. "சரியாயிடுச்சுங்க," என்று அவள் சொன்னதில் அன்றைக்குப் பொய் கம்மி.

சில வாரம் கழித்து மறுபடி உறுத்தியது. மறுபடி சாயம், மறுபடி கடி, மறுபடி அரம். சிவப்புத் திட்டு அதே இடத்தில் விழுந்தது. "போன தடவை பத்தல," என்றார் பசை சார். அடுத்த தடவையும் அதே இடம்தான். தேய்த்துத் தேய்த்து அந்த இடத்தில் ஒரு பள்ளமே விழுந்துவிட்டது. செட் ஆடத் தொடங்கியது. ஆடாமலிருக்கச் சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி அடியில் ஒட்டினார். மைக்கக்கா ஒரு வாரம் பஞ்சர் கடை வாசனையோடு சாப்பிட்டாள்.

டியூப் ஒட்டியதில் வேறொரு வினை வந்து சேர்ந்தது. பேசும்போது செட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் காற்றுப் புகுந்து விசில் அடித்தது. அன்றைக்கு அவள் வழக்கம்போல மைக்கை அழுத்தி அறிவிப்பைத் தொடங்கினாள். இரண்டாவது வார்த்தையில் ஒலிபெருக்கி எல்லாவற்றிலும் ஒரு நீண்ட விசில் கேட்டது. மூன்றாவது நடைமேடையில் டீ குடித்துக்கொண்டிருந்த நடத்துனர் திரும்பிப் பார்ப்பதற்குள், அவருடைய ஓட்டுநர் அதைப் போகலாம் என்ற சைகையாக எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டார். நடத்துனர் டம்ளரோடு பின்னால் ஓடினார். நிலையமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பக்கத்து மேஜையில் வண்டிகளின் நேரத்தைக் கவனிக்கிற டைம் கீப்பரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

சிரித்து முடித்தபிறகு அவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. விசில் இருக்கட்டும். கொஞ்ச நாளாவே உங்க பேச்சு ஒரு மாதிரி இருக்கு. வாயில எதையோ அடக்கி வச்சுக்கிட்டுப் பேசற மாதிரி. டாக்டர்கிட்ட காட்டிட்டீங்களா?"

"செட்டு சரியில்லப்பா. வீட்டுக்காரர் சரி பண்ணிட்டிருக்காரு."

"அவரா?" என்று மட்டும் கேட்டார் டைம் கீப்பர். அவருக்கு அந்தக் குடைக் கதை தெரியும்.

அன்றைக்கு மதியம் கழிவறைக் கண்ணாடி முன்னால் நின்று மைக்கக்கா உதட்டைக் கீழே இழுத்துப் பார்த்தாள். செட்டைக் கழற்றிய இடத்தில் ஈறு தட்டையாக இருக்க வேண்டும். அங்கே கடலைப் பருப்பைவிடப் பெரிதாக ஒரு புடைப்பு, நடுவில் வெளுப்பாக ஒரு புண். விரலால் தொட்டாள், கல்லாக இருந்தது. விரலில் ரத்தம் பட்டது. செட்டு குத்திக் குத்தி ஆன புண்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொள்வதும் அவளுக்குப் பழகிப்போன வேலைதான்.

அதற்குப் பிறகும் அவள் உடனே டாக்டரிடம் போகவில்லை. இந்த இடத்தில் அவளை நாலு வார்த்தை திட்டத் தோன்றுகிறதல்லவா? எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் பசை சார் விசிலுக்கு மருந்து கண்டுபிடித்து வைத்திருந்தார். டியூபைப் பிய்த்துவிட்டு மெழுகை உருக்கி ஊற்றப் போகிறாராம். மகளுக்குப் போன் போட்டு, "உங்கம்மா பல்லை நான்தான் தாங்கிப் பிடிச்சிருக்கேன்" என்று பீற்றிக்கொண்டிருந்தார். வேலையில் அவருக்கு அந்த வருஷம் மரியாதை குறைந்திருந்தது. புதிதாக வந்த இளம் அதிகாரிகள் கணினியைப் பார்த்துப் பழுது சொல்கிறார்கள், ஃபோர்மேனை யாரும் கேட்பதில்லை. வீட்டில் ஒருத்தி வாயைத் திறந்து காட்டுவதுதான் அவருக்கு மிச்சம் இருந்த கௌரவம். அதையும் எப்படிப் பிடுங்குவது என்று அவள் இருந்துவிட்டாள். மெழுகும் ஊற்றியாயிற்று. "எப்படி இருக்கு?" என்றார். "சரியாயிடுச்சுங்க" என்றாள்.

கடைசியில் கள்ளக்காதலனைப் பார்க்கப் போகிறவள் மாதிரி, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் அரை நாள் விடுப்புப் போட்டுக்கொண்டு பல் டாக்டரிடம் போனாள்.

டாக்டரம்மா சின்ன வயசு. செட்டைக் கையில் வாங்கியதும் கண்ணை அகல விரித்தாள். மெழுகு, அதற்கடியில் பசை, அதற்கடியில் டியூபின் கறுப்பு, ஓரத்தில் உதட்டுச் சாயத்தின் சிவப்பு. "இதென்னங்க, தார் ரோடு மாதிரி அடுக்கடுக்கா போட்டிருக்கு?" என்று சிரித்தாள். மைக்கக்காவும் சிரித்தாள். "வாயைத் திறங்க" என்றாள் டாக்டரம்மா. விளக்கை இழுத்துப் பிடித்துப் பார்த்தவள் அதற்கப்புறம் சிரிக்கவில்லை. கழுத்தைத் தடவினாள், தாடைக்கு அடியில் ஒரு இடத்தில் விரலை நிறுத்திக்கொண்டாள்.

"இது எவ்வளவு நாளா இருக்கு?"

மைக்கக்கா சொன்னாள். டாக்டரம்மா கையுறையைக் கழற்றினாள். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினாள். "அங்க துளி சதை எடுத்து சோதிப்பாங்க. நாளைக்கே போயிடுங்க. தள்ளிப் போடாதீங்கம்மா," என்றாள். தள்ளிப் போட வேண்டியதையெல்லாம் ஏற்கெனவே போட்டாயிற்று என்று மைக்கக்காவுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

சோதனை முடிவு வந்த அன்றைக்கு இரண்டு பேருமாகப் போனார்கள். அவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "செட்டால ஆன புண்ணு கொஞ்சம் பெருசாயிடுச்சு" என்ற அளவில் சொல்லிவைத்திருந்தாள். அவரும் அதை நம்பிக்கொண்டு, பெரிய டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று செட்டிலிருந்த மெழுகையும் பசையையும் சுரண்டிச் சுத்தமாகத் துடைத்துக் காகிதத்தில் மடித்து எடுத்து வந்திருந்தார்.

பெரிய டாக்டருக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது, அல்லது நேரமில்லை. புற்றுநோய், ஈறில் தொடங்கித் தாடை எலும்புக்குள் இறங்கியிருக்கிறது, கழுத்திலும் ஒரு கட்டி இருக்கிறது, இடது தாடையில் ஒரு பகுதியை எடுத்தாக வேண்டும், நாக்கின் ஓரமும் சேர்ந்து போகும் என்று வரிசையாகச் சொன்னார்.

"பேச முடியுமா?" என்று கேட்டாள் மைக்கக்கா. வேறு எதுவும் அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

"பேசுவீங்க. வீட்டில இருக்கறவங்களுக்குப் புரியும்."

வீட்டில் இருப்பவர்களுக்கு! ஒரு நிலையம் நிறைய ஜனங்களுக்குப் புரிந்துகொண்டிருந்த குரல் அது.

பசை சார் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் கையிலிருந்த பொட்டலத்தை டாக்டர் வாங்கிப் பிரித்தார். செட்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். தேய்த்துத் தேய்த்து மெல்லிசாகிப்போன இடத்தில் வெளிச்சம் ஊடுருவியது.

"இந்த ஒரே இடத்தை ஏன் இவ்வளவு தேய்ச்சிருக்கு?"

"நான்தான் சார்," என்று பசை சார் நிமிர்ந்தார். வேலையைப் பற்றி யாராவது கேட்டால் அவருக்கு வருகிற நிமிர்வு. "சாயம் தடவிப் பாத்தேன். இந்த இடத்துலதான் அழுத்துச்சு. எடுத்துவிட்டேன். மறுபடி பாத்தா மறுபடியும் அதே இடத்துல. எடுக்க எடுக்க அதே இடத்துலதான் திரும்பத் திரும்ப..."

வாய் அப்படியே நின்றுவிட்டது. அவர் செட்டைப் பார்த்தார். பிறகு மனைவியின் கன்னத்தைப் பார்த்தார். "என் அரத்தாலதான் வந்துச்சா டாக்டர்?" என்று கேட்டார்.

"இல்ல. தேய்ச்சதால இது வராது," என்றார் டாக்டர், அடுத்த சீட்டை எழுதிக்கொண்டே.

பசை சாருக்கு உயிர் வந்தது. கண்ணெதிரே வந்தது. தோள் இறங்கியது, மூச்சு விட்டார், முகத்தில் ரத்தம் ஏறியது. மைக்கக்கா அதை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மனிதர்மேல் அவளுக்கு அப்படியொரு கோபம் வந்ததில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. பசை சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பயப்படாதே. இப்பல்லாம் எவ்வளவோ வைத்தியம் வந்திருக்கு," என்றார். பிறகு, தாங்க முடியாமல், "நல்ல வேளை, நம்ம கையால வந்ததில்ல. டாக்டரே சொல்லிட்டாரு," என்றார்.

"கையால வரல. ஆனா முதல்லயே போயிருந்தா ஈறோட வெட்டி எடுத்துட்டு அனுப்பியிருப்பாங்களாம்," என்றாள் மைக்கக்கா. "அன்னிக்கு சதை எடுத்த டாக்டர் சொன்னாரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு இருந்தேன். இப்ப சொல்றேன். தாடை தப்பிச்சிருக்கும். நாக்கு தப்பிச்சிருக்கும். நீங்க ஒவ்வொரு தடவை பள்ளம் பறிக்கறப்பவும் அது வளர எடம் குடுத்திருக்கீங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். அடி வாங்கிய முகம்.

"நீதானே சரியாயிடுச்சு, சரியாயிடுச்சுன்னு சொன்ன?"

கோபம் போன இடம் தெரியவில்லை. அதற்குப் பதிலாக வந்தது பயம்.

"ஆமா. சொன்னேன்."

"ஏன் சொன்ன?"

"உங்க மூஞ்சியப் பாத்து சொன்னேன்."

"நான் கேக்கறப்பல்லாம் பொய்யா சொன்ன?"

"எல்லாம் பொய்தான். ஒரு சாமான்கூட சரியானதில்லங்க. இத்தனை வருஷத்துல ஒண்ணுகூட இல்ல."

சொல்லிவிட்டு அவள் தெருவைப் பார்த்தாள். இன்னும் தெளிவாகப் பேச முடிகிற நாளில் அவரிடம் சொன்ன வார்த்தை இதுவாகிப் போனதே என்று இருந்தது. திரும்ப எடுத்துக்கொள்ளவும் அவளுக்கு மனசில்லை. முதல் தடவையாக உண்மையைச் சொல்லியிருக்கிறாள், அதை விழுங்க முடியாது.

பசை சார் வெகுநேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளிடம் சொல்வதுபோல இல்லாமல் பேசினார்.

"ரெண்டாவது தடவையும் அதே இடத்துல சாயம் விழுந்தா சுரண்டக்கூடாது. அடியில ஏதோ எழும்புதுன்னு அர்த்தம். நிறுத்திட்டு அடியில பாக்கணும். சேர்ந்த முதல் வாரமே புதுப் பசங்களுக்கு இதைத்தான் சொல்லிக் குடுப்பேன். வேலையில எவனாவது நான் பண்ணினதைப் பண்ணியிருந்தா செவுள்ல ஒண்ணு விட்டு அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்." நிறுத்தினார். "நான் செட்டைத்தான் பாத்தேன். உன் வாயைப் பாக்கவே இல்ல."

மைக்கக்காவுக்குச் சமாதானமாக ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது, அதை அவள் வெளியே விடவில்லை.

ஒரு பேருந்து வந்து நின்றது. அவர்கள் போக வேண்டிய வண்டிதான். அவர் எழுந்திருக்கவில்லை, அவளும் எழுந்திருக்கவில்லை. ஓட்டுநர் கொஞ்சம் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார். புழுதி அடங்கியபிறகு பசை சார் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். கையை அவள் கன்னத்துப் பக்கம் கொண்டுவந்து, தொடப் பயந்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"வலிக்குதா?"

"வலிக்குது," என்றாள் மைக்கக்கா. "ரொம்ப வலிக்குதுங்க."